தாளத்தோடு ஓடும் கடினமான கேம்கள்: நம்மை ஏன் விடுவதில்லை?

தாளப்பித்தன் எழுதியது:

விதிகளை மட்டும் எழுதிக் காட்டினால் ஜியாமெட்ரி டேஷை யாரும் தொடக்கூட மாட்டார்கள். ஒரு சதுரம் தானாக ஓடுகிறது. தட்டினால் தாவுகிறது. முள்ளில் உரசினால் வெடித்துச் சிதறி, லெவலின் தொடக்கத்துக்கே திரும்புகிறது. செத்தால் நடுவிலிருந்து தொடர உதவும் செக்பாயிண்ட் கிடையாது. லெவலின் 98 விழுக்காட்டில் செத்தாலும் 2 விழுக்காட்டில் செத்தாலும் ஒரே தண்டனைதான். இருந்தும், 2013இல் வந்த இந்த கேமுக்கு ஆட்டக்காரர்கள் இன்றுவரை புதுப்புது லெவல்களைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2009இல் வந்த தி இம்பாசிபிள் கேமும் இதே வார்ப்பு: ஒரு சதுரம், சில முக்கோணங்கள், தாவ ஒரே பட்டன். 2010இன் பிட்.டிரிப் ரன்னரில் தாவுவதோடு சறுக்குவதும் உதைப்பதும் சேர்ந்துகொண்டன. ஆனால் இடறினால் அதிலும் தொடக்கத்துக்கே போக வேண்டும்.

"சவாலுக்காக ஆடுகிறார்கள்" என்ற பதில் எனக்குப் போதவில்லை. சவாலான கேம்கள் ஆயிரம் இருக்கின்றன. கடினம் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் ஒரு கேமைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதில்லை.

என் கருத்து இது: இந்த வகை கேமில் பாட்டின் அடுத்த தாள அடிதான் பரிசு. சாகும் கணத்தில் பாட்டும் அறுந்துபோகிறது. உடனே மறுபடியும் முதலிலிருந்து ஒலிக்கிறது. நேற்று அறுந்த இடத்தைத் தாண்டி இன்று இரண்டு அடி கூடுதலாகக் காதில் விழுந்தால், அந்த இரண்டு அடியும் நாமே உழைத்துச் சம்பாதித்தவை. வழக்கமான இசை கேம்களில் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் மதிப்பெண் குறையும், பாட்டு தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். சூப்பர் மீட் பாய் என்ற கேமில் எத்தனை முறை செத்தாலும் பின்னணி இசை நிற்காது. ஆட்டக்காரரின் எரிச்சலைத் தணிக்க அது நல்ல உத்திதான். ஜியாமெட்ரி டேஷ் அதற்கு நேர்மாறு: பாட்டின் உயிரை நம் உயிரோடு முடிச்சுப் போட்டிருக்கிறது.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


மூன்றாம்பிறை எழுதியது:

ரசித்துப் படித்தேன். ஆனால் இசைக்கு நீங்கள் அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

இந்த கேம்களில் தற்செயல் என்பதே கிடையாது. முள் இருக்கும் இடம் மாறாது. ஓட்டத்தின் வேகம் நம் கையில் இல்லை. தாவலின் நீளமும் நம் கையில் இல்லை. திரும்பத் திரும்ப ஆடினால் எவருக்கும் மனப்பாடமாகிவிடும். ஒலியை அடைத்துவிட்டு ஆடினாலும் அதே முள், அதே தாவல். அப்படியென்றால் இசை வெறும் அலங்காரம்தானே?

தாவித் தாவித் தடைகளைக் கடக்கும் பிளாட்ஃபார்ம் கேம் நல்லதாக இருந்தால் என்னை முடிவெடுக்க விட வேண்டும். எந்த வழியில் போவது, காத்திருப்பதா பாய்வதா, எதை விட்டுவிடுவது என்றெல்லாம் நான் யோசிக்க வேண்டும். இங்கே வழி ஒன்றே ஒன்று. இதைப் பயிற்சி என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். விளையாட்டு என்று சொல்ல மனம் வரவில்லை.


இரவிசை எழுதியது:

மனப்பாடம் என்பதை ஏதோ மட்டமான வேலை போலச் சொல்கிறீர்களே, மூன்றாம்பிறை. எதை மனப்பாடம் செய்கிறோம் என்பதல்லவா கேள்வி?

கண்ணால் ஒன்றைப் பார்த்து, அதற்குப் பதிலாக விரலை அசைக்க நமக்கு ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. ஒலியைக் கேட்டு அசைப்பது இதைவிடச் சற்று விரைவு. ஆனால் வேகமான லெவலில் இரண்டுமே தாமதம்தான். முள்ளைப் பார்த்தபின் தாவ நினைத்தால் முடிந்தது கதை. ஆகவே வரப்போவதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

தாளம் இங்கேதான் வேலை செய்கிறது. சீரான தட்டொலியைக் கேட்டுக்கொண்டே கூடச் சேர்ந்து தட்டச் சொன்னால், பெரும்பாலானோர் ஒலிக்குச் சில பத்து மில்லி நொடி முன்பாகவே தட்டிவிடுகிறார்கள். சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது. ஒலி வந்தபின் அதற்கு எதிர்வினையாகத் தட்டினால் இப்படி முந்த முடியாது. அடுத்த அடி எப்போது விழும் என்று உடம்பு முன்னதாகவே கணித்து வைத்திருக்கிறது. பாட்டு இருக்கும்போது அடுத்த அரை நொடி எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று. தொடர்பில்லாத நாற்பது தட்டல்களை அப்படியே நினைவில் வைப்பது பெரும்பாடு. அதே நாற்பதும் ஒரு மெட்டுக்குள் அமர்ந்தால் ஒரு பல்லவியை முணுமுணுப்பது போல் தானாக வரும். அதனால் இசையை அலங்காரம் என்று ஒதுக்க முடியவில்லை. இந்த கேம்களில் நினைவே இசையின் வடிவில்தான் சேமிக்கப்படுகிறது.


கட்டைச்சதுரம் எழுதியது:

நான் லெவல் கட்டுகிறவன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஓட்டத்தின் வேகம் நிலையானது என்பதை மூன்றாம்பிறை குறையாகச் சொன்னார். கட்டுகிறவனுக்கு அதுதான் முதல் வரம். வேகம் நிலையாக இருந்தால் தூரமும் நேரமும் ஒன்றாகிவிடும். நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டில் ஓர் அடிக்கு அரை நொடி. அந்த அரை நொடியில் சதுரம் எத்தனை கட்டை கடக்கும் என்று கணக்கிட்டுவிட்டால், பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் தரையில் ஓர் இடம் கிடைத்துவிடும். லெவலை இடமிருந்து வலமாகப் பார்த்தாலே பாட்டை எழுதி வைத்தது போலிருக்கும்.

ஜியாமெட்ரி டேஷின் லெவல் எடிட்டரில் ஒரு வசதி உண்டு. பாட்டை ஓடவிட்டு, கேட்டுக்கொண்டே திரையைத் தட்டலாம். தட்டிய இடத்திலெல்லாம் செங்குத்தான வண்ணக் கோடுகள் விழும். நான் ஒரு பாட்டைப் பல முறை ஓடவிடுவேன். முதலில் முரசுக்கு மட்டும் தட்டுவேன், அடுத்த முறை மெட்டுக்கு. கோடுகள் விழுந்தபின்தான் கட்டைகளை வைக்கத் தொடங்குவேன். எந்த அடியை விட்டுவிடுவது என்பதுதான் பெரிய தலைவலி. எல்லா அடிக்கும் தாவல் வைத்தால் ஆட்டக்காரர் தையல் எந்திரம் போல் தட்டிக்கொண்டிருப்பார், எதையும் கேட்க மாட்டார். மெட்டு மூச்சு வாங்கும் இடத்தில் வெறும் தரையை விட வேண்டும். நீண்டு ஒலிக்கும் சுரத்துக்கு, சதுரம் ஏறிப் பறக்கும் ராக்கெட் பொருந்தும்: அழுத்திப் பிடித்தால் ஏறும், விட்டால் இறங்கும். மெட்டு வளைந்து போகும்போது விரலும் வளைந்து போகும்.

காற்றில் மிதக்கும் மஞ்சள் வளையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாவது லெவலான போலர்கைஸ்டில் இவை அறிமுகமாகின்றன. தாவி, தரையைத் தொடுவதற்கு முன்பே வளையத்தின்மேல் இன்னொரு முறை தட்டினால் மீண்டும் எழும்பலாம். தரைத் தாவல் முரசுக்கும், வளையம் அதற்கு நடுவே விழும் சிற்றடிக்கும் அமைந்துவிட்டால், "டம்" என்று ஓங்கி விழும் ஒலியும் அதற்கு இடையில் வரும் "தக்" என்ற ஒலியும் விரலில் தனித்தனியாக உறைக்கும். அந்தக் கணத்தில் ஆட்டக்காரர் வாத்தியத்தை வாசிக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

மோசமான லெவலை அடையாளம் காண்பதும் எளிது. பாட்டை மாற்றிப் போட்டாலும் ஆட்டம் மாறாமல் இருந்தால் அது மோசமான லெவல். அந்த மாதிரி லெவல்கள் ஏராளம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவற்றை மட்டும் ஆடியிருந்தால் மூன்றாம்பிறை சொன்னது முழுக்க நியாயம்.


மூன்றாம்பிறை எழுதியது:

கட்டைச்சதுரம், பாட்டை மாற்றிப் பார்க்கும் சோதனை பிடித்திருக்கிறது. ஆனால் என் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. இசைதான் வழிகாட்டுகிறது என்பதற்கு ஆட்டத்துக்குள்ளேயே சான்று காட்ட முடியுமா?


தாளப்பித்தன் எழுதியது:

இரண்டு காட்டுகிறேன்.

முதலாவது ரேமன் லெஜெண்ட்ஸ், 2013. ஒவ்வொரு உலகமும் முடியும்போது ஓர் இசை லெவல் வரும். முரசின் அடிக்குத் தாவுவதும், கிட்டார் சுரத்துக்கு எதிரியை அடிப்பதும், இழுவைக்குக் கயிற்றில் சறுக்குவதுமாகப் பறக்கும். கேமின் கடைசிப் பகுதியில் அதே லெவல்கள் பழைய கேம் கருவிகளின் 8 பிட் ஒலியோடு திரும்பி வரும். இந்த முறை திரையைக் கெடுத்துவிடுவார்கள். படம் பெரிய பெரிய சதுரங்களாக உடையும், புள்ளிப் புள்ளியாக இரையும், வளைந்து நெளியும். அடுத்த படி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாத இடங்கள் வரும். ஆனாலும் தாண்டிவிட முடிகிறது. கண்ணைக் கட்டிவிட்டபின் மீதம் இருப்பது காதுதான்.

இரண்டாவது விப்-ரிப்பன், 1999, பிளேஸ்டேஷன். கருப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு, அதன்மேல் கோட்டுருவமாக ஒரு முயல். தடைகள் நான்கே வகை, அவை இரண்டிரண்டாகச் சேர்ந்தும் வரும். கேம் தட்டை எடுத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் எந்த இசைக் குறுந்தட்டையும் போடலாம். அந்தப் பாட்டிலிருந்தே தடைகள் உருவாகும். அங்கே மனப்பாடம் செய்ய யாரும் கட்டி வைத்த லெவலே இல்லை. கையில் இருப்பது நாம் ஏற்கனவே அறிந்த ஒரு பாட்டு மட்டும்தான். பழகிய பாட்டைப் புதிய பாதையாக நடந்து பார்ப்பதில் இருக்கும் கிளர்ச்சிக்காகவே அந்த கேமை இன்றும் தேடிப் பிடிக்கிறார்கள்.


செவ்வந்தி எழுதியது:

எனக்குச் சிறு வயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது. கருவி வைத்தால் முரசு அடிப்பது மட்டும் ஓரளவு தெரியும், மெட்டு தெரியாது. ஆனாலும் இந்த வகை கேம்களை விரும்பி ஆடுகிறேன். அதனால் "காதுதான் எல்லாம்" என்பதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

தாளம் ஒலியில் மட்டும் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. இரண்டு முள், சிறிது தரை, ஒரு முள், நீண்ட தரை, மறுபடி இரண்டு முள் என்று கட்டியிருந்தால் அந்த அடுக்கே என் விரலுக்குத் தாளத்தைச் சொல்லிவிடும். கட்டைச்சதுரம் போன்றவர்கள் பாட்டைக் கேட்டு, கோடு போட்டு, கட்டை வைக்கிறார்களே, அந்த உழைப்பு என்னிடமும் வந்து சேர்கிறது. பின்னணியில் இசைக்கு ஏற்ப ஒளி விரிந்து சுருங்கும் உருவங்கள் எனக்குப் பெரிய உதவி. மொபைலைக் கையில் ஏந்தி ஆடும்போது ஒலிபெருக்கியின் அதிர்வு உள்ளங்கையில் இறங்குவதும் அப்படித்தான்.

ஏனோதானோ என்று முள்ளை இறைத்து வைத்த லெவல் எனக்கும் உடனே தெரிந்துவிடும். விரல் தடுமாறும், அடுக்கு மனதில் நிற்காது. ஆகவே மூன்றாம்பிறை சொன்னபடி ஒலியை அடைத்துவிட்டு முடிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அதனால் இசை அலங்காரமாகிவிடாது. ஒலி போனபின்னும் மிஞ்சி நிற்கும் அளவுக்கு அந்த இசை லெவலுக்குள் ஊறியிருக்கிறது.


தாளப்பித்தன் எழுதியது:

செவ்வந்தி, இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் மிகச் சிறந்த பதிவு உங்களுடையது. நான் அடுத்த அடிதான் பரிசு என்றேன். காதில் விழும் அடியை மட்டும் மனதில் வைத்துச் சொன்னது அது. விரல் உணரும் அடியும் அதில் அடக்கம் என்று விரித்துக்கொள்கிறேன்.


மூன்றாம்பிறை எழுதியது:

செவ்வந்தியின் பதிவைப் படித்தபின் "அலங்காரம்" என்ற வாதத்தை நான் நீட்டப் போவதில்லை. ஆனால் இன்னொரு குறை பாக்கி இருக்கிறது, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொண்ணூறு விழுக்காட்டில் ஓர் இடம் பிடிபடவில்லை. அதைப் பழக வேண்டுமானால், ஏற்கனவே கைவந்த முதல் தொண்ணூறையும் ஒவ்வொரு முறையும் ஆடித் தீர்க்க வேண்டும். ஆட்டக்காரரின் நேரத்துக்கு இது செய்யும் அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. செலஸ்ட் என்ற கேமில் (2018) ஓர் அறையில் செத்தால் அதே அறையின் வாசலில் நிற்பீர்கள். அங்கேயும் தாளம் உண்டு: ஒளித்து வைத்த கேசட்டுகளைத் தேடிப் போகும் அறைகளில் இளஞ்சிவப்பும் நீலமுமான கட்டைகள் இசைக்கு ஏற்ப மாறி மாறித் தோன்றி மறையும். எந்தக் கட்டையில் எந்த அடிக்கு ஏறுவது என்று நானே முடிவெடுக்கிறேன். நின்று இரண்டு சுற்றுக் கேட்டுவிட்டும் பாயலாம். லிம்போ என்ற கேமின் ஆட்டத்தை வடிவமைத்த யெப்பே கார்ல்சென் 2013இல் வெளியிட்ட 140 கேமும் அப்படியே. கட்டைகள் தாளத்துக்கு நகர்கின்றன, நான் என் விருப்பத்துக்கு நகர்கிறேன். என் கணக்கில் தாளமும் பிளாட்ஃபார்மும் சேரும் சரியான இடம் இதுதான்.


இரவிசை எழுதியது:

அந்த அறைகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு சுவை. நின்று கேட்டுவிட்டுப் பாயும்போது தாளம் உங்களுக்கு எதிரே ஓடும் ஒரு பொறி. நிற்க முடியாதபோது நீங்களே அதற்குள் இருக்கிறீர்கள்.

நேரம் வீண் என்ற குறைக்கு ஜியாமெட்ரி டேஷில் ஒத்திகை முறை இருக்கிறது. நாமே வேண்டிய இடத்தில் செக்பாயிண்ட் வைத்துக்கொண்டு, பிடிபடாத துண்டை மட்டும் பழகலாம். ஆனால் பல ஆண்டுகள் அந்த முறையில் லெவலின் சொந்தப் பாட்டு ஒலிக்காது, வேறொரு மென்மையான இசைதான் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டோடு ஒட்டாத ஒத்திகையில் சரளமாகத் தாண்டிய இடத்தில், அசல் ஆட்டத்தில் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம். அசல் பாட்டையே ஒத்திகையிலும் கேட்கும் வசதி வந்தபோது ஆட்டக்காரர்கள் கொண்டாடியது அதனால்தான்.


கட்டைச்சதுரம் எழுதியது:

இதற்கு இன்னொரு கேம் அருமையான விடை கண்டது. பிட்.டிரிப் ரன்னரின் அடுத்த பாகமான ரன்னர்2, 2013. முதல் பாகத்தில் செக்பாயிண்டே இல்லை, இதில் லெவலின் நடுவில் ஒன்று வைத்தார்கள். வேண்டாம் என்றால் அதைத் தொடாமல் தாண்டிக் குதித்துப் போய்விடலாம், அதற்குக் கூடுதல் மதிப்பெண். ஓடிக்கொண்டே, பாட்டுக்கு நடுவிலேயே, அந்த ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டும். மூன்றாம்பிறை கேட்ட முடிவு அதில் இருக்கிறது.

மற்றபடி, கைவந்த தொண்ணூறு விழுக்காட்டை மறுபடி ஆடுவது வீண் என்பதை நான் ஏற்க மாட்டேன். மறுபடி ஆடும்போதுதான் பாட்டின் அடியில் ஓடும் இன்னொரு வாத்தியம் காதில் விழும். முதலில் முரசைப் பிடித்துத் தாவியவர், பழகப் பழக மெட்டைப் பிடித்துத் தாவத் தொடங்குவார். ஆட்டம் அதேதான், கேட்பது மாறியிருக்கும். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் கொண்டு சேர்ப்பதில் உள்ள பதற்றம், பிடிபடாத துண்டுக்கு வந்து சேரும் நேரத்தில் உள்ளங்கை வியர்ப்பது, இதெல்லாம் துண்டு துண்டாக ஆடினால் கிடைக்குமா?


மூன்றாம்பிறை எழுதியது:

ரன்னர்2 அப்படிச் செய்கிறது என்பது எனக்குத் தெரியாது. அதை ஆடிப் பார்க்கிறேன். உள்ளங்கை வியர்ப்பதை நீங்கள் வரவாக எழுதுகிறீர்கள், நான் செலவில் எழுதுகிறேன். அது அவரவர் மனம்.


புதுவரவு எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். இதுவரை இந்த வகை கேம் ஆடியதில்லை. இரண்டு கேள்விகள். ப்ளூடூத் ஹெட்போனில் ஆடலாமா? ஜியாமெட்ரி டேஷில் எந்த லெவலில் தொடங்குவது நல்லது? நண்பர் ஒருவர் நேராகக் கடினமான லெவலை ஆடினால்தான் கை வரும் என்கிறார்.


இரவிசை எழுதியது:

ப்ளூடூத் வேண்டாம் தம்பி. சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி காதுக்கு வர 100 முதல் 200 மில்லி நொடி தாமதமாகலாம், சிலவற்றில் இன்னும் அதிகம். நிமிடத்துக்கு 160 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 375 மில்லி நொடிதான். பாதி அடி பிந்திக் கேட்டால் நீங்கள் சரியாகத் தட்டியும் சதுரம் முள்ளில் ஏறும், பழியை உங்கள் விரல்மேல் போட்டுக்கொள்வீர்கள். கம்பி உள்ள ஹெட்போன், இல்லையென்றால் மொபைலின் சொந்த ஒலிபெருக்கி போதும். டிவியில் இணைத்து ஆடுவதாக இருந்தால் அதில் உள்ள கேம் மோடைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் படமும் பிந்தும்.


செவ்வந்தி எழுதியது:

மொபைலில் ஆடினால் கட்டைவிரல் திரையின் எந்த இடத்தை மறைக்கிறது என்று பாருங்கள். வலது பக்கம்தான் தடைகள் வரும் பக்கம். இடது கையால் தட்டிப் பழகுவது நல்லது.


கட்டைச்சதுரம் எழுதியது:

நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். கேமோடு வரும் லெவல்களை வரிசையாகவே ஆடுங்கள், அந்த வரிசை யோசித்து அமைத்தது. முதல் லெவலான ஸ்டீரியோ மேட்னஸில் சதுரமும் ராக்கெட்டும் மட்டும். இரண்டாவதான பேக் ஆன் டிராக்கில் நம்மைத் தூக்கி எறியும் பலகைகள் வரும். மூன்றாவது போலர்கைஸ்டில் நான் சொன்ன வளையங்கள். நான்காவது டிரை அவுட்டில் புவியீர்ப்பு தலைகீழாகும். ஒன்றைக் கை பழகியபின் அடுத்தது வருகிறது.

ஆடத் தொடங்கும் முன் பாட்டை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுங்கள். பிறகு ஒத்திகை முறையில் ஒருமுறை கடைசிவரை போய் வாருங்கள். அதற்கப்புறம் விழுக்காட்டுக் கோட்டைப் பார்க்காமல் ஆடுங்கள், அமைப்பில் அதை மறைக்க வழி இருக்கிறது. எவ்வளவு தூரம் வந்தோம் என்பதைப் பாட்டே சொல்லும். கிளப்ஸ்டெப், தியரி ஆஃப் எவ்ரிதிங் 2, டெட்லாக்ட் மூன்றும் டீமன் என்ற மிகக் கடினமான தரம். அவற்றின் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.